ஓதற் பிரிவும் பொருள்வயிற் பிரிவும்: வெளிநாட்டுக் கணினி டிப்ளோமா குறித்துக் கிண்ணியாவிலிருந்து ஒரு நோக்கு

1

தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியல், தலைவன் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களை வகைப்படுத்துமிடத்து, ஓதல், பகை, தூது ஆகிய மூன்றையும் ஒருங்கே எடுத்துக் கூறுகின்றது. பொருள் தேடிப் பிரிதல் அவற்றினின்றும் வேறாக வைத்துப் பேசப்படுகின்றது. ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன என்னும் வரையறையும் அவ்வியலிலேயே இடம்பெறுகின்றது. இலக்கண நூலொன்றின் இவ்வகைப்பாடு, அது தோன்றிய சமுதாயத்தின் இரண்டு உண்மைகளை நமக்கு உணர்த்துகின்றது எனலாம். கற்றலும் பொருளீட்டலும் வெவ்வேறு செயல்களாகக் கருதப்பட்டன என்பது ஒன்று. கற்றற்பொருட்டு ஊரை நீங்கும் வாய்ப்பு ஒரு சாராருக்கே இருந்தது என்பது மற்றொன்று.

கணினி டிப்ளோமா கற்பதற்கென்று இன்று கிண்ணியாவிலிருந்து கோலாலம்பூருக்கோ இலண்டனுக்கோ மெல்பேணுக்கோ புறப்படும் இளைஞனின் பிரிவு இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது? விசா விண்ணப்பப் படிவத்தில் அது ஓதற் பிரிவு. அவனை அனுப்பிவைக்கும் குடும்பத்தின் கணக்கில் அது பொருள்வயிற் பிரிவு. இவ்விரண்டும் ஒரே பயணத்தில் எவ்வாறு கலந்தன, அக்கலப்பினால் ஆதாயம் பெறுவோர் யாவர், இழப்போர் யாவர் என்பனவற்றை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு 'தொடக்கநிலை டிப்ளோமா' எனப்படுவது, பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்டதாய், க.பொ.த. உயர்தரத்துக்கு ஒப்பாகவோ அதற்கு அடுத்த படியாகவோ அமைந்த பாடநெறியாகும். பட்டப்பின் படிப்புக்குச் செல்வோரும் புலமைப்பரிசில் பெற்றுச் செல்வோரும் வேறு வகையினர். அவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. சர்வதேச மாணவர் என்ற பெரும் படையின் கடைசி வரிசையில் நிற்பவன் இந்த டிப்ளோமா மாணவனே. ஓர் அமைப்பின் இயல்பை அதன் உச்சியிலிருந்து பார்ப்பதைக் காட்டிலும் அடியிலிருந்து பார்ப்பது தெளிவைத் தரும் என்பதால் அவனையே நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

2

கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் அமைந்த கிண்ணியா, நெல் வேளாண்மை, மீன்பிடி, கால்நடை, சிறுவணிகம் ஆகியவற்றைக் கொண்டு வாழ்ந்துவரும், முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக உள்ள ஊராகும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்படும் திருகோணமலைத் துறைமுகம் அதன் கண்ணெதிரே இருந்தபோதும், நகரத்துக்குச் செல்ல நெடுங்காலம் 'பாதை' எனப்பட்ட மிதவையையே அவ்வூரார் நம்பியிருந்தனர். சவூதி அரேபியாவின் கடனுதவியுடன் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே திறக்கப்பட்டது. அதன் பின்னரும் ஊரின் உட்பகுதிகளில் நீர்வழித் தடைகள் முற்றாக நீங்கவில்லை. 2021 நவம்பர் 23 ஆந் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தபோது உயிரிழந்தோருள் பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தனர். கல்வியின்பொருட்டு நீரைக் கடத்தல் என்பது இப்பிரதேசத்தில் உவமை அன்று, அன்றாட நிகழ்ச்சி. கடல்கடந்து கற்கச் செல்லும் இளைஞனைப் பற்றிப் பேசுமுன் இதனை மனங்கொள்ளுதல் அவசியமாகும்.

நீண்ட போரினாலும் 2004 திசெம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலையினாலும் பாதிக்கப்பட்ட இப்பிரதேசத்தில், ஒரு தலைமுறையின் பள்ளிப் படிப்பு அடிக்கடி அறுபட்டது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் பிற கிராமங்களைப் போன்று இங்கும் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பே குடும்பங்களின் கைக்குக் காசைக் கொணர்ந்தது. அவ்வாறு உழைத்தோரின் பிள்ளைகளே இன்று உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றி நிற்கின்றனர்.

அப்பரீட்சைக்குப் பின்னர் நிகழ்வது யாது? 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடசாலை வாயில்களை அகலத் திறந்தது. ஆயின் பல்கலைக்கழக வாயில் அதே விகிதத்தில் அகலவில்லை. இட நெருக்கடிக்குத் தீர்வாக 1971 இல் மொழிவாரித் தராதரப்படுத்தலும் 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் கொண்டுவரப்பட்டன. மொழிவாரித் தராதரப்படுத்தல் விளைவித்த இனக் கசப்பு யாவரும் அறிந்ததே. இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என இடங்கள் பகிரப்படுகின்றன. அப்பதினாறனுள் திருகோணமலையும் ஒன்று. பங்கிடும் முறை எத்துணை மாறினும் பங்கிடப்படும் பொருள் போதாது என்பதே அடிப்படை உண்மை. தகுதிபெற்றும் இடம்பெறாது வெளியே நிற்கும் பெருந்தொகையினர் ஆண்டுதோறும் உருவாகின்றனர். வெளிநாட்டு டிப்ளோமாவின் சந்தை இவ்விடைவெளியிலேயே எழுந்து நிற்கின்றது.

3

அந்நிய அதிகாரபீடம் ஒன்றின் சான்றிதழுக்காக நம்மவர் காத்துநிற்பது புதிய செய்தியன்று. இலண்டன் பல்கலைக்கழகம், கல்லூரியிற் கற்காதோரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்ற ஏற்பாட்டை 1858 இற் செய்தது. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880 இல் இலங்கையில் நடைபெறத் தொடங்கின. 1921 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் பட்டத்துக்கே தன் மாணவரை ஆயத்தப்படுத்தியது. குடியேற்ற அரசுக்கு வேண்டிய எழுதுவினைஞரையும் இடைநிலை அலுவலரையும் தெரிந்தெடுக்கும் கருவியாக இப்பரீட்சைகள் பயன்பட்டன. கற்றவன் யார் என்று தீர்ப்புக் கூறும் உரிமை கடலுக்கப்பால் இருந்தது. கற்றவனோ பெரும்பாலும் உள்ளூரிலேயே இருந்தான்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இரண்டாவது கட்டம் தொடங்கிற்று. 1950 இற் கொழும்பில் நடைபெற்ற பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டிற் கருக்கொண்ட கொழும்புத் திட்டம், 1951 இற் செயற்படத் தொடங்கி, ஆசிய மாணவரை அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு அழைத்தது. ஆசியாவிற் பொதுவுடைமை பரவுவதைத் தடுத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றென்பது வெளிப்படை. மறுபுறத்தில், 1960 இல் மொஸ்கோவில் நிறுவப்பட்டு மறு ஆண்டில் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவர்க்குக் கட்டணமின்றி இடமளித்தது. இருதரப்பினரும் தத்தம் அரசியல் தேவைக்காகவே மாணவரை வரவேற்றனர். ஆயின், மாணவன் அங்கு விலைகொடுத்து வாங்குபவனாகக் கருதப்படவில்லை என்பது இவ்விரு முகாம்களுக்கும் பொதுவான இயல்பாகும்.

மூன்றாவது கட்டமே நமது ஆய்வுக்குரியது. பிரித்தானியா 1967 இல் வெளிநாட்டு மாணவர்க்கு வேறுபட்ட கட்டணத்தை விதித்தது. தாட்சர் அரசாங்கத்தின் கீழ் 1980 இல் முழுச் செலவையும் அவர்களிடமே அறவிடத் தொடங்கியது. அவுஸ்திரேலியா 1985 இல் முழுக்கட்டண மாணவரை அனுமதிக்கும் கொள்கையை ஏற்றது. உதவியிலிருந்து வணிகத்துக்கு நிகழ்ந்த இம்மாற்றத்தின் பின்னர், கல்வி என்பது அந்நாடுகளின் ஏற்றுமதிப் பொருட்களுள் ஒன்றாயிற்று. மலேசியா போன்ற நாடுகளும் பிற்பட இச்சந்தையில் நுழைந்தன. 1996 ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் அங்கு தனியார் கல்லூரிகளின் பெருக்கத்துக்கு வழிசெய்தது. மாணவன் என்ற சொல் மாறவில்லை. அச்சொல் குறிக்கும் சமூக உறவு மாறிவிட்டது. பேரரசின் பரீட்சார்த்தியாகவும் பின்னர் வல்லரசுகளின் விருந்தாளியாகவும் இருந்தவன் இப்பொழுது வாடிக்கையாளனாகின்றான்.

4

இவ்வாடிக்கையாளன் வாங்கும் பண்டம் யாது? கணினி டிப்ளோமாவின் பாடத்திட்டத்தை முதலில் நோக்குவோம். இரும எண்களும் தருக்கவியலும், கணினியின் உள்ளமைப்பு, நிரலாக்கத்தின் அடிப்படைகள், தரவுத்தள வடிவமைப்பு, வலையமைப்பு, முறைமைப் பகுப்பாய்வு, இணையத்தள உருவாக்கம் என்பன எந்நாட்டு டிப்ளோமாவிலும் சிறு வேறுபாடுகளுடன் காணப்படும். தரவுகளை அட்டவணைகளாகத் தொடர்புபடுத்தும் முறையை எட்கர் கொட் 1970 இல் முன்வைத்தார். இன்றும் மாணவன் கற்கும் தரவுத்தளப் பாடத்தின் அடிப்படை அதுவே. இங்கிலாந்தின் தகைமை வரிசையில் நான்காம் நிலை டிப்ளோமா வழமையாக 120 திறமைப் புள்ளிகளைக் கொண்டது. ஒரு புள்ளிக்குப் பத்து மணித்தியாலம் எனக் கொண்டால் 1,200 மணித்தியாலக் கற்றல். பட்டப்படிப்பின் முதலாண்டுக்கு அது ஒப்பாகும். மூன்றாம் நிலை டிப்ளோமாவோ உயர்தரத்துக்கே ஒப்பானது. உயர்தரஞ் சித்தியடைந்த மாணவன் ஒருவன் மூன்றாம் நிலை டிப்ளோமாவுக்குப் பணஞ் செலுத்துவானாயின், இலவசமாகப் பெற்றுவிட்ட படியையே மீண்டும் விலைகொடுத்து வாங்குகின்றான் என்பது பொருள்.

இவ்வறிவைப் பெறக் கடல்கடத்தல் அவசியமா? கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டிலிருந்து தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டநெறியை நடத்தி வருகின்றது. முதலாம் ஆண்டை முடித்தவர் டிப்ளோமாவும், இரண்டாம் ஆண்டை முடித்தவர் உயர் டிப்ளோமாவும், மூன்றாம் ஆண்டை முடித்தவர் பட்டமும் பெறும் வகையில் அது படிப்படியாக அமைக்கப்பட்டது. 1957 இல் நிறுவப்பட்ட பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பரீட்சைகளையும் இலங்கையிலிருந்தே பலர் எழுதியுள்ளனர். திருகோணமலையில் உயர் தொழினுட்பவியல் நிறுவனமும், கிழக்குப் பல்கலைக்கழக வளாகமும் உள்ளன. ஆகவே, அறிவு என்ற அளவில், கோலாலம்பூரிற் கற்பிக்கப்படும் இரும எண் கிண்ணியாவில் எட்டாத ஒன்றன்று.

எனின், பண்டத்தின் விலை எதற்காகக் கொடுக்கப்படுகின்றது? ஒரே உறையில் மூன்று பொருட்கள் இட்டு விற்கப்படுகின்றன என்பதே நமது விடை. முதலாவது அறிவு; இரண்டாவது சான்றிதழ்; மூன்றாவது குறித்த நாட்டில் தங்கியிருக்கவும் ஓரளவு உழைக்கவும் வழங்கப்படும் அனுமதி. அறிவு பயன்பாட்டுப் பெறுமானமுடையது; கற்றவனிடமிருந்து எவரும் அதைப் பறித்தல் இயலாது. சான்றிதழ் பரிமாற்றப் பெறுமானமுடையது. தொழிற்சந்தை மதிக்கும் வரைக்குமே அதற்கு விலையுண்டு. எளிய நிரல்களை இயந்திரங்களே எழுதத் தொடங்கியுள்ள இக்காலத்தில் தொடக்கநிலைச் சான்றிதழின் சந்தை மதிப்பு மேலும் உறுதியற்றதாகின்றது. அனுமதியோ இவ்விரண்டையும் விட நிலையற்றது. வழங்கிய அரசு விரும்பியபோது திரும்பப் பெறக்கூடியது. விளம்பரம் முதலாவதைப் பற்றிப் பேசுகின்றது. குடும்பம் மூன்றாவதை எண்ணிப் பணம் செலுத்துகின்றது. விற்பவர் கொடுக்க உறுதிகூறுவதோ பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே.

5

அனுமதியின் உண்மைத் தன்மையைச் சட்டங்களே நமக்குக் காட்டுகின்றன. மலேசியாவில் மாணவர் அனுமதி பெற்றோர், பாடவேளையின்போது அன்றி, ஏழு நாட்களுக்கு மேற்பட்ட விடுமுறையின்போதே, வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற்படாது வேலைசெய்யலாம் என்பது விதி. அதற்கென அனுமதிக்கப்பட்ட இடங்கள் உணவகம், பெற்றோல் நிலையம், சிறுகடை, ஹோட்டல் என்பனவாகும். கணினி கற்க வந்தவன் கணினியைத் தவிர்ந்த வேலைகளுக்கே அனுமதிக்கப்படுகின்றான் என்னும் இம்முரண்பாடு தற்செயலானதன்று. மலிவான சேவைத்துறை உழைப்பு எங்கு தேவைப்படுகின்றதோ அங்கேயே அவனுக்கு வாயில் திறக்கின்றது.

பிரித்தானியாவிற் பட்டப்படிப்பு மாணவர் பாடவேளையில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் உழைக்கலாம். பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்ட பாடநெறி பயில்வோர்க்கு, அவர்கள் உயர்கல்வி நிறுவனமொன்றிற் பயிலும்போதும், 10 மணித்தியாலமே உண்டு. தனியார் கல்லூரி மாணவர்க்குப் பொதுவாக வேலையனுமதியே இல்லை. படிப்பு முடிந்த பின்னர்த் தங்கி வேலைசெய்ய 2021 இல் ஏற்படுத்தப்பட்ட வழியும் பட்டதாரிகளுக்கு உரியதேயன்றித் தொடக்கநிலை டிப்ளோமாக்காரர்க்கு உரியதன்று. கனடா, 2024 நவம்பரிலிருந்து, கல்லூரி டிப்ளோமா பெறுவோர் குறித்த துறைகளிற் பயின்றிருந்தாலன்றிப் படிப்பின் பின்னரான வேலையனுமதி கிடையாது என விதித்தது. சுருங்கக்கூறின், எவன் குறைந்த பணத்தோடு தாழ்ந்த படியில் நுழைகின்றானோ அவனுக்கே உரிமைகளும் குறைவு.

உரிமை குறுகும் அதே வேளையில் நுழைவு விலை உயர்கின்றது. அவுஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் 2024 யூலையில் 710 டொலரிலிருந்து 1,600 டொலராகவும், 2025 யூலையில் 2,000 டொலராகவும் உயர்த்தப்பட்டது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென மாணவன் காட்டவேண்டிய தொகை 2024 மே மாதத்திலிருந்து 29,710 அவுஸ்திரேலிய டொலராயிற்று. இலங்கை நாணயத்தில் அது ஐம்பது இலட்சம் ரூபாயைத் தாண்டும். கனடா தான் கோரிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 2024 சனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. விசாக் கட்டணம் விண்ணப்பம் நிராகரிக்கப்படினும் பொதுவாகத் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை.

நிறுவனம் செய்த தவறுக்கும் மாணவனே தண்டனை பெறுகின்றான் என்பதற்கு 2012 ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு ஆகஸ்டில் இலண்டன் மெட்ரோபொலிற்றன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவரை அனுமதிக்கும் உரிமத்தை இழந்தது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் வேறிடம் தேடிக்கொள்ள வேண்டும், அன்றேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர். பல்கலைக்கழகத்துக்கே இக்கதியெனின், நூற்றுக்கணக்கில் உரிமமிழந்த தனியார் கல்லூரிகளின் மாணவர் நிலையைக் கூறவேண்டியதில்லை. 2014 இல், விசாவுக்கான ஆங்கிலப் பரீட்சையில் மோசடி நிகழ்ந்தமை தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வெளியானதும், பிரித்தானியாவில் அப்பரீட்சைக்குத் தோற்றிய 58,458 பெறுபேறுகளில் 97 வீதமானவை செல்லாதன என்றோ ஐயத்துக்குரியன என்றோ பரீட்சை நடத்திய நிறுவனம் வகைப்படுத்தியது. மோசடி நிகழ்ந்தது உண்மை. ஆயினும் குற்றமற்றோர் பலரும் அவ்வலையில் அகப்பட்டனர் என்பது பின்னர் நீதிமன்ற வழக்குகளிற் புலனாயிற்று. வாடிக்கையாளனுக்கு எங்கும் உள்ள பாதுகாப்புக்கூட இவ்வாடிக்கையாளனுக்கு இல்லை. பணம் செலுத்தும்போது அவன் வாடிக்கையாளன். ஐயம் எழும்போது அந்நியன்.

6

இனிப் பணத்தின் போக்கை நோக்குதல் பொருத்தமாகும். இங்கு ஒரு வகைமாதிரியை எண்ணிக்கொள்வோம். தந்தை கட்டாரிலோ சவூதியிலோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவர். அப்பணத்தில் வீடு எழுந்தது. சிறிது வயற்காணி சேர்ந்தது. தாயின் கையிற் சில நகைகள். மகனுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டவில்லை. காணி ஈடுவைக்கப்படுகின்றது, நகை அடகுக்குச் செல்கின்றது, எஞ்சியதை உறவினர் கைமாற்றாகத் தருகின்றனர். முதலாந் தவணைக் கட்டணம் கடல்கடந்து சென்றுவிடுகின்றது.

மத்திய கிழக்குக்குச் சென்ற தந்தை பணத்தை ஊருக்கு அனுப்பினார். மாணவனாகச் செல்லும் மகன் பணத்தை ஊரிலிருந்து கொண்டுசெல்கின்றான். பாலைவன வெயிலில் ஈட்டிய கூலி, கிண்ணியாவில் ஒரு தலைமுறைக்காலம் தங்கிவிட்டு, மேலைநாட்டுக் கல்லூரியொன்றின் வருமானமாக மாறுகின்றது. இப்பார்வையில் நமது ஊர் உழைப்பின் பயன் வந்து தங்கும் இடமாகவன்றி, அது கடந்து செல்லும் துறையாகவே உள்ளது. உழைப்பாளியைப் பெற்று வளர்த்துப் பள்ளியிற் படிப்பிக்கும் செலவை இங்குள்ள குடும்பமும் இலவசக் கல்வியும் ஏற்கின்றன. அவனது உழைப்பின் பயனை வேறொரு நாடு நுகர்கின்றது. அதற்கு மேலதிகமாக, உழைப்பதற்கான அனுமதிக்கும் அவனே முன்பணம் செலுத்துகின்றான். தன் உழைப்புச் சக்தியை விற்கும் முன்னரே அதனை விற்பதற்குரிய உரிமையை விலைக்கு வாங்கும் தொழிலாளி என்று அவனைக் கூறினால் அது மிகையாகாது.

ஆயின் சட்டத்தின் கண்ணில் அவன் தொழிலாளி அல்லன். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவி, வேலைக்குச் செல்வோரைப் பதிவுசெய்யவும் முகவர்க்கு உரிமம் வழங்கவும் ஏற்பாடு செய்தது. அப்பாதுகாப்பின் குறைபாடுகள் பல. எனினும் அதற்கு ஒரு பெயருண்டு, முகவரியுண்டு. மாணவனாகச் செல்பவன் அந்த ஏட்டில் இடம்பெறுவதில்லை. தந்தைக்கிருந்த அரைகுறைப் பாதுகாப்பும் மகனுக்கு இல்லை.

இக்கட்டுமானம் எத்துணை உறுதியற்றது என்பதை 2022 ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாயாயிற்று. ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை நிறுத்தியது. 10,000 டொலர் கட்டணம் செலுத்தவேண்டியிருந்த குடும்பத்துக்கு 20 இலட்சமாக இருந்த சுமை சில வாரங்களில் 36 இலட்சமாயிற்று. படிப்பைத் தொடர்வதா, விட்டுத் திரும்புவதா என்னும் கேள்வி தேர்வறையில் எழுந்ததன்று. நாணயமாற்றுச் சந்தையில் எழுந்தது.

7

இந்நிலைமையை 'வெளிநாட்டு மோகம்' என்ற தொடரால் விளக்கிவிட்டுச் செல்வோர் நம்மிடையே உளர். முற்போக்காளர் சிலரும் இதற்கு விலக்கல்லர். மோகம் என்பது விளக்கம் அன்று, விளக்கப்படவேண்டியது. கொழும்புத் திட்டத்திலும், 1959 இல் ஏற்படுத்தப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டத்திலும் கடல்கடந்து கற்றுவந்து பல்கலைக்கழகப் பதவிகளைப் பெற்றோரின் பயணத்தை எவரும் மோகம் என்று கூறியதில்லை. அது உயர்கல்வி எனப்பட்டது. உழவனின் மகனோ மீனவனின் மகனோ தன் காணியை ஈடுவைத்துச் செல்லும்போது மட்டும் அச்சொல் நமது நாவில் வருகின்றதெனின், ஓதற் பிரிவை உயர்ந்தோர்க்கே ஒதுக்கிய பழைய வரையறை இன்னும் நம்முள் வாழ்கின்றது என்பதே பொருளாகும். அவ்விளைஞன் கணக்குத் தெரியாதவன் அல்லன். உள்ளூரில் அவனுக்கு முன்னிருக்கும் வழிகளைக் கணக்கிட்டே புறப்படுகின்றான். அக்கணக்கிற் பிழையிருப்பின், அது அவனுக்கு மறைக்கப்பட்ட தகவல்களால் நேர்ந்த பிழையாகும்.

மொழியும் இதில் ஒரு காரணி. க.பொ.த. உயர்தரம் வரை தமிழிற் கற்று, தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் தமிழ்ப் பாடநூலிற் படித்த மாணவன், அடுத்த படியில் ஆங்கிலம் மட்டுமே உள்ள உலகில் நிறுத்தப்படுகின்றான். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என வழங்கியமை அம்மொழியின் வர்க்கப் பணியை நன்குணர்த்தும். உள்ளூர் வெளிவாரிப் பட்டநெறியிற் பலர் இடையில் நின்றுவிடுவதற்கும், வெளிநாடு சென்றால் மொழி தானே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதில் வேர் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களை ஆக்கி அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வழிசெய்தது. அன்று பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் இயன்றது கணினிக்கு இயலாததன்று. தமிழில் விளங்கிக்கொண்டு, ஆங்கிலத்திற் பரீட்சை எழுதப் பயிற்றும் இருமொழி முறை, இப்பிரதேச மாணவர்க்கு எந்தக் கட்டணச் சலுகையையும் விடப் பயன்தரக்கூடியது. குடும்பம் கடல்கடந்து அனுப்பத் தயங்கும் பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியமானது. மகனின் டிப்ளோமாவுக்குக் காணியை ஈடுவைக்கும் வீட்டில், அவனிலும் சிறந்த பெறுபேறு பெற்ற மகளின் படிப்பு உள்ளூரில் உள்ள வழியையே நம்பியிருக்கின்றது.

ஆகவே, செல்லாதே என்று தடுப்பது நமது பணியன்று. எதனை வாங்குகின்றாய் என்று காட்டுவதே பணி. ஒரு குடும்பம் பணம் செலுத்துமுன் சில கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். பாடநெறி எந்நாட்டுத் தகைமை வரிசையில் எத்தனையாம் நிலையிலுள்ளது? சான்றிதழ் வழங்குவது கல்லூரியா, வேறொரு பரீட்சைச் சபையா? அதனை இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவோ ஏற்குமா? அதிலிருந்து பட்டப்படிப்பின் எந்த ஆண்டுக்குச் செல்லலாம்? படிக்கும்போதும் முடித்த பின்னரும் உழைக்கும் உரிமை சட்டப்படி எவ்வளவு? விசா மறுக்கப்பட்டால் எத்தொகை திரும்பும்? இவ்வினாக்களுக்குரிய விடைகள் பெரும்பாலும் அரசாங்கங்களின் விதிகளிலேயே உள்ளன. ஆங்கிலம் அறிந்த ஆசிரியரும் பட்டதாரிகளும் அவற்றைத் தமிழில் எடுத்துரைப்பரேல் தரகர்களின் பாதி ஆதாயம் மறைந்துவிடும். அரசியல் மட்டத்தில், கிழக்கில் அரச உயர்கல்வி இடங்களை விரிவாக்குதலும், வெளிவாரி மாணவர்க்கு ஊரிலேயே கற்றல் உதவி அளித்தலும், மாணவனாகச் செல்வோர்க்கும் தொழிலாளர்க்குரிய பாதுகாப்பைக் கோருதலும் நம்முன் உள்ள கடமைகளாகும்.

தொல்காப்பியத்தின் வகைப்பாட்டுக்கு மீண்டு வருவோம். ஓதற்கும் பொருட்கும் இடையிலிருந்த கோடு அழிந்ததில் வருந்த ஏதுமில்லை. உழைப்போர் கற்பதும் கற்போர் உழைப்பதும் நாம் வேண்டுவனவே. வருந்தத்தக்கது, ஓதல் என்ற பெயரால் பொருள்வயிற் பிரிவு விலைக்கு விற்கப்படுவதும், அவ்விலையைப் பிரிவோனே செலுத்த நேர்வதுமாகும். குறிஞ்சாக்கேணியில் நீரைக் கடந்து பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் ஒரு பாலம் தேவைப்பட்டது. உயர்தரத்தை முடித்து நிற்கும் அவர்களின் மூத்தோருக்குத் தேவைப்படுவதும் அத்தகையதொன்றே. பொதுப் பணத்திற் கட்டப்பட்டு, எவரும் கட்டணமின்றிக் கடக்கக்கூடியதாய் அது அமைதல் வேண்டும்.